கடைமடையில் ஒரு டர்போ இன்ஜின்

என் அக்காள் தனபாக்கியத்தின் புருஷன் நீலமேகத்தைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு கேலி உண்டு. முதலாளி வீட்டு வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்துவார். இன்ஜினை மட்டும் அணைக்க மாட்டார். பின்சீட்டிலிருந்து இராஜாங்கம் இறங்கி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றுகிற வரைக்கும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருப்பார்.

"என்னடா, அதுக்கு மூச்சு வாங்குதா?" என்று கேட்பார் இராஜாங்கம்.

"ஆமாங்க, வாங்குதுங்க" என்பார் மாமா.

டீக்கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். மாமா அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வயசுக் காலத்தில் மஸ்கட்டில் கார் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தவர் அவர். டர்போ என்பது புகை வெளியே போகிற வேகத்தில் சுழலும் ஒரு சின்ன விசிறி. அது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுவதால்தான் சின்ன இன்ஜின் பெரிய இன்ஜினின் வேலையைச் செய்கிறது. நன்றாக ஓடி வந்த வண்டியில் அது தணலாகக் காய்ந்திருக்கும். அந்தச் சூட்டிலேயே அணைத்தால் அதற்குப் போகிற ஆயில் நின்றுவிடும், உள்ளே இருக்கிற ஆயில் கருகும். கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டால் ஆறிக்கொள்ளும். இதையெல்லாம் அவர்தான் எனக்குச் சொல்லித் தந்தார்.

"அங்க பணக்காரப் பசங்க கம்பெனி இன்ஜினோட வலுவையே கூட்டி வச்சு ஓட்டுவானுங்க, மாப்ளே. கம்பெனி நூறு குதிரை சக்தின்னு போட்டிருந்தா, பத்துப் பதினஞ்சு கூட்டினாத் தாங்கும். அதுக்கு மேல போனா பிஸ்டன் உருகிடும். அந்த நூறுமே எந்நேரமும் இழுக்கிறதுக்கு இல்ல. முன்னால போற வண்டிய முந்தணும்னா இழுக்கும், அப்புறம் ஆத்திக்கும். மனுசன் ஓடுற மாதிரிதான்."

இராஜாங்கத்துக்கு எந்தக் கட்சி ஆண்டாலும் ஆளுங்கட்சிதான். வேட்டியின் கரை மாறும், வேட்டிக்குள் இருக்கிற ஆள் மாற மாட்டார். மாமா உழுத ஆறு மா நிலமும், ஏறக்குறைய இரண்டு ஏக்கர், இராஜாங்கத்தின் குடும்பத்துடையது. குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்த காலத்தில், மாமாவின் தகப்பனார் மண்டை உடைபட்டுப் பதிந்துகொண்ட குத்தகை அது. சாகுபடி செய்கிற வரைக்கும் அந்த நிலத்திலிருந்து யாரும் எழுப்ப முடியாது. சாகுபடியை விட்டால் எழுப்பிவிடலாம்.

கடலோரத்தில் இறால் பண்ணைகள் வரத் தொடங்கியதும் இராஜாங்கத்தின் கண் அந்த ஆறு மாவில் விழுந்தது. "விட்டுக் குடுத்துடுறா, உனக்கு நான் பார்த்துச் செய்றேன்" என்றார். பார்த்துச் செய்வதாக அவர் சொன்ன ஆட்கள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாமா முடியாது என்றார். அன்றோடு டிரைவர் வேலை போயிற்று. பின்னாலேயே ரெவின்யூ அதிகாரிக்கு இராஜாங்கத்தின் மனுவும் போயிற்று: நீலமேகம் கார் ஓட்டுகிறவர், சாகுபடி செய்கிறவரே இல்லை, நிலத்தை மீட்டுத் தர வேண்டும்.

மேட்டூரைத் தாமதமாகத் திறந்து சீக்கிரமாக மூடிய வருஷம் அது. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் ஓடியதாகச் சொன்னார்கள். வேதாரண்யத்துக்கு வடக்கே, ஆற்றுப்பாசனம் முடிகிற கடைமடையில் கிடக்கிற எங்களுக்குச் செய்தி மட்டும் வந்து சேர்ந்தது. மழையை நம்பித் தாமதமாக விதைத்த சம்பா, தை பிறந்தபோது சூல் கட்டி நின்றது. காலடியில் நிலம் வெடிக்கத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து, மாதக் கடைசியில் அதிகாரி நிலத்தைப் பார்வையிட வருகிறார் என்று நோட்டீஸ் வந்தது. பயிர் பச்சையாக நின்றால் மாமா பிழைத்தார். காய்ந்தால் நிலம் போச்சு.

வடிகாலில் மட்டும் பழைய மழைத்தண்ணீர் மடுவாகத் தேங்கிக் கிடந்தது. ஆனால் பள்ளத்தில், எட்டத்தில். ஊரில் இருந்த ஆயில் இன்ஜின்கள் அதை மேட்டைத் தாண்டி ஏற்ற முடியாமல் திணறின. மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போய், முத்துப்பேட்டை ரோட்டில் புளியமரத்தில் மோதி நொறுங்கிய ஒரு காரின் இன்ஜினை வாங்கி வந்தார். டர்போ வைத்த டீசல் இன்ஜின். அதைப் பனைக்கட்டைகளின் மேல் இறுக்கி, பெரிய பம்போடு சேர்த்தார். டீசல் அளவைக் கூட்டுகிற திருகின் மேல் கம்பெனி வைத்த ஈய சீல் அப்படியே இருந்தது.

"பாதி வலுவுலதான் ஓட்டுவேன்" என்றார். "ரோட்டுல ஓடுற வண்டிக்குக் காத்து அடிக்கும். இது நின்ன எடத்துல நின்னு இழுக்குது, பாவம்."

எங்கள் பக்கம் வயல் விட்டு வயல்தான் பாய்ச்சல். மேல்வயல் நிரம்பினால் மடையைத் திறந்து அடுத்த வயலுக்கு விடுவார்கள். மடுவிலிருந்து எண்ணினால் மாமாவின் நிலம் ஐந்தாவது, கடைசி. அதற்கு முந்தியது கலியபெருமாளுடையது.

"ஹோஸ வாங்கிப் போட்டு நேரா நம்ம வயலுக்குக் கொண்டு போங்க" என்றாள் அக்காள். "நோட்டீஸ் நமக்குத்தானே வந்திருக்கு? அவங்களுக்கா வந்திருக்கு?"

"அவங்க பயிரும்தானே சூலோட நிக்குது. அது தலை மேலயே குழாயப் போட்டுத் தண்ணி கொண்டு போனா, அப்புறம் நமக்குச் சோறு எறங்குமா?"

அவருடைய இந்த நல்ல மனசின் மேல் எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று சும்மாவா சொன்னார்கள்?

பாதி வலுவில் ஏறிய தண்ணீரை வெடித்த நிலம் குடித்துத் தீர்த்தது. இரண்டாவது வயலைத் தாண்டவே இல்லை. அதிகாரி வரும் நாளோ நெருங்கியது. ஒரு காலையில் மாமா இன்ஜின் பக்கத்தில் வெகுநேரம் குந்தியிருந்தார். பிறகு இடுக்கியை எடுத்து அந்த ஈய சீலை வெட்டினார். திருகைத் திருப்பினார்.

கரும்புகை எழும்பியது. குழாயில் தண்ணீர் இரட்டிப்பாக வந்து விழுந்தது. வரப்பில் நின்றவர்கள் விசில் அடித்தார்கள். கலியபெருமாள் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினார். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

"தாங்காது மாப்ளே. கடைசி வயல் நனையிற மட்டும் தாங்கினாப் போதும்" என்றார்.

அவர் டீசல் வாங்கப் போகிற நேரங்களில் கலியபெருமாள் காவல் இருந்தார். "நிறுத்தாதீங்கண்ணே. அப்படியே நிறுத்தியாகணும்னா மெதுவா எறக்கி, செத்த நேரம் சும்மா ஓடவிட்டு நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். கலியபெருமாள் பிறந்ததிலிருந்து ஆயில் இன்ஜினோடு பழகியவர். வேலை முடிந்ததும் பட்டென்று நிறுத்துவதுதான் அவர் கண்ட மரியாதை. இன்ஜினைச் சும்மா ஓடவிடுகிறவன் சோற்றைச் சிந்துகிறவனுக்குச் சமம். ஒரு வயல் நிரம்பி, மண்ணை வெட்டி அடுத்த மடை திறக்கிற இடைவெளியில், ஏழையின் டீசல் வீணாகிறதே என்று ஒவ்வொரு தடவையும் முழுச் சூட்டிலேயே அணைத்தார். மடை திறந்ததும் மறுபடி கிளப்பினார். மாமா திரும்பி வரும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். அவருக்கு ஒன்றும் தெரியாது.

நான்காவது வயலும் நிரம்பியது. கலியபெருமாளே மண்வெட்டியோடு ஓடிப்போய் மாமாவின் மடையைத் திறந்தார். அக்காள் மடைவாயில் நின்று, முதலில் வந்த தண்ணீரைக் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அப்போதுதான் இன்ஜினின் சத்தம் மாறியது. கருகிப்போன டர்போ உடைந்து, இன்ஜின் தன் சொந்த ஆயிலையே உறிஞ்சி எரிக்கத் தொடங்கிவிட்டது. மாமா ஓடி வந்து டீசலை அடைத்தார். அது நிற்கவில்லை, இன்னும் வேகம் எடுத்து ஊளையிட்டது. வெள்ளைப்புகையில் மடுவே மறைந்தது. மாமா நனைந்த சாக்கை எடுத்துக் காற்று உள்ளே போகிற வாயில் திணித்தார். உள்ளங்கை வெந்தது. அதற்குள் பெரிய சத்தத்தோடு பிஸ்டனைத் தாங்கிய ஒரு ராடு இன்ஜினைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. பிறகு எல்லாம் நின்றுபோயிற்று.

மடையைத் தாண்டி வந்த தண்ணீர் அக்காள் நின்ற இடத்துக்கு அப்பால் போகவில்லை.

சாயங்காலம் மாமா டர்போவைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே ஆயில் கரியாக அப்பியிருந்தது. "சூட்டோட யாரு நிறுத்தினது?" என்று மெதுவாகக் கேட்டார்.

கலியபெருமாளின் முகம் செத்துப்போயிற்று. "நாந்தாம்ப்பா. டீசல் வீணாப் போவுதேன்னு... உன் நல்லதுக்குத்தான்..."

மாமா டர்போவைக் கீழே வைத்தார். "சீல உடைச்சது நானு. உங்களச் சொல்லி என்ன ஆவப் போவுது" என்றார்.

அதிகாரி வந்தபோது மேலே நாலு வயலும் பச்சைப்பசேலென்று கதிர் தள்ளி நின்றன. ஐந்தாவது, வைக்கோலாகக் கிடந்தது.

"நீங்களே பாருங்க சார்" என்றார் இராஜாங்கம். வேண்டுமென்றே குரலைத் தணித்துப் பேசினார். "தண்ணி இல்லேங்கிறான். தண்ணி இல்லாமயா இந்த நாலு வயலும் வெளஞ்சிருக்கு? ஒரே பாசனம். இவனுக்கு நெலத்து மேல அக்கறை இல்ல. டிரைவர் சார் இவன், வெவசாயி இல்ல."

கலியபெருமாள் முன்னால் வந்தார். "அய்யா, அந்த நாலு வயலுக்கும் தண்ணி எறைச்சதே இவன்தாங்க. கார் இன்ஜின வச்சு எறைச்சான் அய்யா."

"கார் இன்ஜினா?" என்றார் அதிகாரி. கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மாமா கட்டுப்போட்ட கையை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டார். அவர் காப்பாற்றிய பயிர்களே அவருக்கு எதிராகச் சாட்சி நின்றன. எனக்கு அந்த நாலு வயலுக்கும் தீ வைத்துவிடலாமா என்றிருந்தது.

சித்திரைக்குள் உத்தரவு வந்தது. ஆடிக்குள் புல்டோசர் வந்தது.

ஒரு வருஷம் மாமா எங்கெங்கோ கூலிக்கு வண்டி ஓட்டினார். பிறகு இராஜாங்கம் புதுக் கார் வாங்கி, "உன்னாட்டம் வண்டிய வச்சுக்க ஆள் இல்லடா" என்று சொல்லியனுப்பினார். அக்காள் போகக்கூடாது என்று அழுதாள். மாமா போனார். மகளுக்கு வரன் பார்க்கிற வயசு.

போன மாதம் நான் இறால் பண்ணைப் பக்கம் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். அந்தக் கார் கடற்கரைச் சாலையிலிருந்து புழுதி பறக்க வந்தது. ஒரு காலத்தில் ஆறு மாவாக இருந்த குளத்தின் கரையில் நின்றது. நின்ற அந்த நொடியே இன்ஜினும் அணைந்துவிட்டது. இராஜாங்கம் இன்னும் கதவில் கைகூட வைக்கவில்லை.

நான் கிட்டே போனேன். "என்ன மாமா, அதுக்கு மூச்சு வாங்கலியா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக்கூடாது என்று பட்டது.

அவர் குளத்தைப் பார்த்தார்.

"அவரு வண்டி, அவரு நெலம்" என்றார். "நான் எதுக்கு மாப்ளே காத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்?"

சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இராஜாங்கத்துக்குக் கதவைத் திறந்துவிட இறங்கினார்.