வழுக்குப்பாறையில் நான் கொடுத்த தோள்

மழை வராது என்று என் சகலை சொன்ன ஒரே காரணத்துக்காக, மழை வரும் என்று அடித்துச் சொல்லி, தை மாதத்து வெயிலில் குடையோடு சதுரகிரி ஏறிய மடையன் நான்தான். குடையோடு நின்றிருந்தால் கூடப் பரவாயில்லை. நான் எங்கே நின்றேன்?

சகலை என்றால் என் மனைவியின் அக்காள் புருஷன். ஊர் கூமாப்பட்டி. வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் வயல், வயலைத் தாண்டினால் மலை. நான் ராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரம் செய்துகொண்டிருந்தேன். மலையோடு எனக்கு இருந்த பழக்கம், கடை வாசலில் நின்று மேற்கே பார்த்துக் கொட்டாவி விடுவது.

எங்கள் இருவருக்கும் பொது மாமனார் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார். எனக்கு அவர் தாய்மாமனும்கூட. அதனால் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த வரவேற்பு, “ஏலே, வந்துட்டியா? மாட்டுக்குத் தண்ணி காட்டு” என்பது. சகலை அந்நியத்தில் எடுத்த மாப்பிள்ளை. அவருக்கு, “வாங்க மாப்ளே, வாங்க, உக்காருங்க.” பாயை உதறிப் போடுவதும் அவருக்குத்தான். உதறின தூசி மட்டும் எனக்கு வரும்.

மாமாவுக்கு வருஷம் தவறாமல் தை அமாவாசைக்கு மலை ஏறியாக வேண்டும். முழங்கால் பலமில்லை. மற்ற இடங்களில் கம்பை ஊன்றிச் சமாளித்துவிடுவார். ஓடை நனைத்துக்கொண்டே இருக்கும் வழுக்குப்பாறையில் மட்டும் ஒரு தோள் வேண்டும். அந்தக் கை எந்தத் தோளில் விழுகிறதோ, அந்த மாப்பிள்ளையைப் பற்றித்தான் அடுத்த தை வரைக்கும் வீட்டில் பேச்சு. கை விழுந்தது எப்போதும் சகலையின் தோளில். நான் பின்னால் பாத்திர மூட்டையோடு வருவேன்.

அந்த வருஷம், கிளம்புவதற்கு முன்னால் மாமா வழக்கம்போலக் கேட்டார்: “மலை எப்படிக் கெடக்கு மாப்ளே?”

சகலை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, சாமியாடி குறி சொல்வது போல ஆரம்பித்தார். “மேகம் மலைக்கு இடுப்புல கெடக்கு மாமா, தலையில இல்ல. மழை வராது. ஆனா பனி சொட்டும். வெயிலு வந்து பாறையைத் தொடுதவரைக்கும் யாரும் கால வைக்கப்படாது. பச்சைப் பாசிய நம்பலாம், கறுத்த பாசிய நம்பப்படாது. சருகு மேல மிதிக்காதீய, அடியில குழி இருக்கும். மத்தியானத்துக்குப் பொறவு மஞ்சு எறங்கிப் பாதைய மூடிரும், அதுக்குள்ள திரும்பிரணும்.”

மாமா தலையை ஆட்டினார். என் மனைவியும் கதவோரம் நின்று ஆட்டினாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“மழை வரும் மாமா,” என்றேன்.

“எதை வச்சுலே சொல்லுத?”

எதை வைத்துச் சொல்ல? வயிற்றெரிச்சலை வைத்துச் சொன்னேன். “எங்க ஊருப் பக்கம் காத்து ஒரு மாதிரியா அடிக்கி” என்று ஏதோ உளறிவைத்தேன்.

உள்ளே போனதும் மனைவி பிடித்துக்கொண்டாள். “எதுக்கு அத்தான் வம்பு? அவிய மலையடியிலயே பொறந்தவிய.”

“நான் மட்டும் என்ன, கடல்லயா பொறந்தேன்?” என்று குடையை எடுத்துக்கொண்டேன்.

தாணிப்பாறை அடிவாரத்தில் விடிந்தபோது வானம் கழுவிக் கவிழ்த்த வெண்கலத் தட்டு மாதிரி இருந்தது. கூட வந்தவர்களில் ஒருவர், “அண்ணாச்சி, மழை எந்தப் பக்கம் பெய்யுது? செத்த நேரம் எங்களுக்கும் காட்டுங்களேன்” என்றார். குடையைக் கைத்தடி போல ஊன்றிக்கொண்டு சிரித்துவைத்தேன்.

மழைதான் இல்லை, குளிர் இருந்தது. மரத்திலிருந்து பனி சொட்டுச் சொட்டாக விழுந்தது. சகலை சட்டையைக் கழற்றிச் சுருட்டித் துண்டில் மூட்டையாகக் கட்டினார். நனைந்த சட்டை குளிரைக் கூட்டுமாம். மேலே போய்க் காய்ந்த சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டுமாம். வெற்று மார்போடு, நடுக்கமே இல்லாமல், கோயில் வாசல் பூதம் மாதிரி நின்றார். மாமா அந்த மார்பைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெற்ற மகனைக்கூட யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

உடனே நானும் சட்டையைக் கழற்றி இடுப்பில் சுற்றிக்கொண்டேன். கழற்றின பிறகுதான் எலும்புகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. உடம்பில் எண்ணெய் பூசினால் குளிர் ஏறாது என்று எங்கோ கேட்ட ஞாபகம். என் கையில் சாமி விளக்குக்குக் கொண்டுபோகும் நல்லெண்ணெய்த் தூக்கு. அமாவாசையன்று எங்கள் வீடுகளில் யாரும் எண்ணெய் தொட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பொறாமைக்கு அமாவாசை ஏது, பௌர்ணமி ஏது? ஒரு பாறைக்குப் பின்னால் போய், தோளிலும் மார்பிலும் தாராளமாகத் தேய்த்துக்கொண்டு வந்தேன்.

வெயில் பட்ட பிறகு ஏறினோம். சகலை சொன்னது சொன்னபடியே இருந்தது, பாவி மனுஷன். சருகுக்கடியில் குழி, கறுத்த பாசியில் வழுக்கல். ஒவ்வொன்று சரியாகும்போதும் எனக்கு ஒரு முள் குத்தியது போல இருந்தது.

வழுக்குப்பாறை வந்தது. சகலை கம்பால் தட்டித் தட்டி முன்னால் போனார், மிதிக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு மாமாவை அழைக்கத் திரும்பினார். அதற்குள் நான் பாய்ந்து போய் மாமாவுக்கு முன்னால் நின்றேன்.

“மாமா, இந்தத் தோளப் புடிங்க.”

மாமா என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு கையை வைத்தார். ஆகா! அந்தக் கையின் கனம் இன்னும் நினைவில் இருக்கிறது. கூமாப்பட்டிக்காரருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று கழுத்தைத் திருப்பினேன்.

அவ்வளவுதான். மாமாவின் கை தோளிலிருந்து முதுகுக்கு, முதுகிலிருந்து ஆகாயத்துக்குப் போயிற்று. விழப்போனவரைச் சகலை ஒரு கையால் அள்ளிக்கொண்டார். என்னை யாரும் அள்ளவில்லை. உட்கார்ந்த வாக்கில் பாறையின் நீளம் முழுவதும் சறுக்கி, கீழே குட்டையில் போய் இறங்கினேன். குடை எனக்குப் பின்னால் நிதானமாக வந்து சேர்ந்தது.

“அண்ணாச்சி சொன்ன மழை வந்துட்டுல்லா!” என்று மேலே ஒரு குரல். மலையே சிரித்தது.

மாமா சிரிக்கவில்லை. உள்ளங்கையை மோந்து பார்த்தார். “என்னலே இது? அமாவாசையும் அதுவுமா, நல்லெண்ணெயா?”

நான் வாய் திறப்பதற்குள் சகலை முந்திக்கொண்டார். “விடுங்க மாமா, குளிருக்குத் தேச்சிருப்பாரு. சின்ன மாப்ளைக்கு மலை பழக்கமில்லல்லா.” சொல்லிக்கொண்டே துண்டு மூட்டையிலிருந்து தன் காய்ந்த சட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டி ஆறியிருப்பேன். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டபோது, எண்ணெய் பூசியும் ஏறாத சூடு உடம்பெல்லாம் ஏறியது. சட்டையின் தோளும் கையும் எனக்குத் தொளதொளவென்று இருந்தன.

சாமி கும்பிட்டுத் திரும்பும்போது, சகலை சொன்ன நேரத்துக்கே மஞ்சு இறங்க ஆரம்பித்தது. மறுபடியும் அதே பாறை. மானத்தை மலையிலேயே விட்டுவிட்டு இறங்க மனமில்லை. மெல்ல மாமா பக்கத்தில் போனேன்.

“மாமா, எண்ணெயெல்லாம் தண்ணியிலயே போயிட்டு. மேல சட்டையும் கெடக்கு. இப்ப என் தோளப் புடிச்சுக்கிடுங்க.”

மாமாவின் கை ஏற்கெனவே சகலையின் தோளில் இருந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

“நீயும் அவிய தோளையே புடிச்சுக்கோலே.”