நன்மைக்குப் பிறகு கொயினா

குளிர் முதலில் என் பல்லில்தான் ஏறியது. கண்டக்குழிக் கடலில் நல்ல வெயிலில் வலை இழுத்துக்கொண்டிருந்தோம். என் பற்கள் தாமாக அடித்துக்கொள்ளத் தொடங்கின. பக்கத்தில் நின்ற என் மைத்துனன் சூசை சிரித்தான்.

"என்ன மச்சான், மாப்பிள்ளை மாதிரி நடுங்கிறாய்?"

"உன்ட அக்காவைக் கட்டின நாள் தொடக்கம் இப்படித்தான்டா."

வள்ளமே சிரித்தது. அந்த மாதம் முடியுமுன் அதே காய்ச்சலில் போன சூசையைப் புதைத்தார்கள். கூடப் போக எனக்குக் காலில் வலு இருக்கவில்லை.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல என் மகள் எழுதுகிறாள். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிக் குளிரில் படுத்திருக்கலாம். அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட கடைசிக் காலம் அது. மழை பொய்த்து, வெங்காயத் தோட்டக் கிணறுகளில் தண்ணீர் அடியில் பச்சையாகக் கிடந்தது. அதில் குத்துகிற நுளம்பு பெருகியது. வீட்டுக்கு வீடு ஆள் விழுந்தது. யாராவது செத்தால் வேதக் கோவிலில் துக்கமணி அடிப்பது எங்கள் வழக்கம். மணிச் சத்தம் நோயாளிகளைப் பயமுறுத்துகிறது என்று சாமியார் அதை நிறுத்திவிட்டார். பிறகு மணி அடிக்காத ஒவ்வொரு நாளும் இன்றைக்கு யாரோ என்று பயந்துகொண்டு கிடந்தோம்.

பள்ளிக்கூட வாங்குகளைச் சேர்த்துக் கட்டிலாக்கி எங்களைக் கிடத்தினார்கள். பிள்ளையில் நான் எட்டிப் பார்க்காத பள்ளிக்கூடம். கடைசியில் நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள்.

புத்தளத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அப்போத்திக்கரி ஐயா என் இடது விலாவுக்குக் கீழே அமுக்கிப் பார்த்தார்.

"மண்ணீரல் வீங்கிப் போச்சு" என்றார். (மண்ணீரல் என்பது அந்த இடத்தில் இருக்கும் உறுப்பு. இந்தக் காய்ச்சலில் அது கல்லுப்போல் தடித்துவிடும்.)

"ஐயா, எனக்கு அப்படி ஒரு சாமான் இருக்கிறதே இண்டைக்குத்தான் தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. "காய்ச்சல் விட்டாலும் கொயினாவை விடப்படாது. ஒரு நாளும் தவறப்படாது" என்று சொல்லிவிட்டு அடுத்த வாங்குக்குப் போனார். (கொயினா என்பது இந்தக் காய்ச்சலுக்குரிய மருந்து. அதன் கசப்பு காது வரைக்கும் ஏறும்.)

எங்களைப் பார்த்தவர்கள் இரண்டு கன்னியாஸ்திரிகள். கற்பிட்டி மடத்திலிருந்து விடியற்பூசைக்கு முன்னமே மாட்டுவண்டிலில் வந்து, மத்தியானம் திரும்புவார்கள். பெரியவர் மதர் அக்னேஸ், வெள்ளைக்காரி. மற்றவர் சிஸ்டர் ரொசாரியா, மன்னார்ப் பக்கம். வெள்ளை முக்காட்டுக்குள் முகம் மட்டும் தெரியும், வயது தெரியாது. நாங்கள் இருவரையும் அம்மா என்றுதான் கூப்பிட்டோம். மடத்துச் சட்டப்படி ஒருவர் தனியே வெளியில் வர முடியாது.

காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தது பக்திமான்களுக்குத்தான். இதை முதலில் கண்டுபிடித்தவர் சிஸ்டர் ரொசாரியா. அந்தக் காலத்தில் நன்மை வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீரும் தொடக் கூடாது. (நன்மை என்பது பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பம்.) நோய் தீரவென்று ஊரே தினமும் பூசைக்குப் போய் நன்மை வாங்கியது. அதனால் விடியற்காலைக் கொயினாவை ஒருவரும் குடிக்கவில்லை. பூசை முடிந்து வீட்டுக்குப் போனால் மறந்துபோகும்.

பூசைப் பக்கமே போகாத நான் விடிய எழும்பி ஒழுங்காகக் குடித்தேன். தேறவும் தொடங்கினேன்.

"பாவிக்குத்தான் மருந்து பிடிக்குது" என்றாள் என் மனைவி பிலோமி.

சிஸ்டர் சாமியாரோடு வாதாடவில்லை. ஒரு போத்தலையும் கரண்டியையும் தண்ணீர்ச் செம்பையும் எடுத்துக்கொண்டு போய்க் கோவில் வாசலில் நின்றார். உள்ளே சாமியார் நாக்கில் நன்மை வைத்தார். வெளியே வரும்போது சிஸ்டர் அதே நாக்கில் ஒரு மிடறு தண்ணீரும், அதன்மேல் கசப்பும் ஊற்றினார். எவரும் தப்ப முடியவில்லை. சில கிழமைக்குள் பள்ளிக்கூடத்தில் வாங்குகள் காலியாகத் தொடங்கின.

நடக்கத் தொடங்கியதும் நானும் வாசலுக்குப் போய்க் குடித்தேன்.

"வாயைத் திறவும், மனுவேல். பூசைக்கு வராட்டியும் கசப்புக்கு வாறீர்."

"இதுக்குத்தான் அம்மா கூலி குடுக்கோணும்."

ஒரு காலையில் கரண்டி போத்தலின் கழுத்தில் தட்டத் தொடங்கியது. கிணிகிணி என்று விடாத சத்தம்.

"என்ன அம்மா, கரண்டி தாளம் போடுது?"

"வெறும் வயிறு, மனுவேல். வேறொண்டுமில்ல." சிரித்தார். உதடு நீலமாக இருந்தது.

அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். நான் அதைக் கடலில் பிடித்தவன். மத்தியானம் வீட்டுக்குப் போய்ப் பிலோமியிடம் சொன்னேன். அவள் மதரிடம் சொல்லப் போவதற்குள் வண்டில் புறப்பட்டுவிட்டது.

மறுநாள் பூசை தொடங்கிவிட்டது, வண்டிலைக் காணவில்லை. வெயில் ஏறின பிறகு வந்தது. மதர் அக்னேஸ் மட்டும் இறங்கினார்.

வாசலில் நின்ற சனம் வண்டிலுக்குள் எட்டிப் பார்த்தது. பிலோமி போய் மதருக்குப் பக்கத்தில் நின்றாள், அவரோடு நடந்தாள்.

"காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டது" என்றார் மதர். (மூளையைப் பிடித்துவிட்டது என்று பொருள். அப்புறம் ஆளுக்கு நினைவு திரும்புவது அரிது.) "அவள் கொயினா எங்கே குடித்தாள்? இங்கே வாசலில்தானே?"

"இல்ல அம்மா" என்றாள் பிலோமி. "மடத்தில குடிக்கிறா எண்டுதானே நாங்க நினைச்சம்."

மதர் அந்த இடத்திலேயே நின்றார். "வாசலில் குடிப்பாள் என்று நான் நினைத்தேன்."

சிஸ்டரும் நடுச்சாமத்திலிருந்து நோன்பு, நன்மை வாங்குகிறவர்தான். ஊருக்கெல்லாம் வாசலில் ஊற்றினார். அவர் நாக்கில் ஊற்ற அங்கே ஒருவரும் நிற்கவில்லை. போத்தலின் கடைசிக் கரண்டிக்கும் எப்போதும் வேறொரு வாய் காத்திருந்தது.

இரண்டாம் நாள் மடத்தில் துக்கமணி அடித்தது என்று கற்பிட்டியிலிருந்து மீன் ஏற்ற வந்த வியாபாரி மரைக்கார் காக்கா சொன்னார். "நல்ல மனுசி, மையத்து எடுக்கப் போறாங்க. நடக்க ஏலுமெண்டா என்ட வண்டியில ஏறுங்க" என்றார். (மையத்து என்றால் அவர்கள் வழக்கில் பிரேதம்.) ஏறினேன்.

பெட்டியை மூடுமுன் பார்த்தேன். முக்காடு சற்று விலகியிருந்தது. காதோரத்தில் கறுத்த முடி. மதரிடம் வயது கேட்டேன். என்னைவிட இளையவள். பிலோமியைவிடவும் இளையவள்.

என் காய்ச்சல் போய்விட்டது என்றார்கள். ஆனால் உடம்பு இப்போது இரவல் வள்ளம் மாதிரி. சொந்தக்காரன் எப்போது திருப்பிக் கேட்பானோ என்று பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டுகிறேன். கிழமைக் கணக்கும் எனக்கு இல்லை. குளிர்கிற நாள், குளிராத நாள், இரண்டே நாள்தான். குளிராத நாளில்தான் பயம் அதிகம்.

எனக்குத் தலை வெளுத்துவிட்டது. சிஸ்டருக்கு அன்று நின்ற வயது இன்னும் ஏறவில்லை. மனதுக்குள் அவரைக் கூப்பிட வந்தால் என்ன முறை சொல்வதென்று தெரியவில்லை. அம்மா என்றால் அவருக்கு வயது காணாது. மகளே என்றால் எனக்குத் துணிவு காணாது. எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பவன், அந்த இடத்தில் மட்டும் வாயைத் திறந்தபடி நிற்கிறேன்.