சட்டைப் பையில் இருந்த பல்பு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கேட்டவர்கள் சிரித்திருக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்று அந்த ஷெட்டுக்குள் இருந்தவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். தனித்தனியாகக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். இத்தனைக்கும் வேறு எதிலும் ஒத்துப்போகாத ஜென்மங்கள்.

ஒருவன் வயரிங் பார்க்கிறவன். ஊருக்கெல்லாம் அவன் 'கரண்டு'. இன்னொருவன் தகரம் தட்டிப் பெயிண்ட் அடிக்கிற டிங்கர். கரண்டின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. ஒரே ஷெட்டில் பிழைப்பு.

அதற்கு முந்தின வாரம்தான் வாசலில் இரண்டும் கட்டிப் புரண்டன. பக்கத்து டயர் கடைக்காரர் வந்து பிரித்துவிட்டார். அப்போது கரண்டு தெருவே கேட்கக் கத்தினான்.

"ஒருநாள் இல்ல ஒருநாள் உன் மேல வண்டிய ஏத்துறேன் பாரு!"

அதைக் கேட்காத ஆள் அந்தத் தெருவில் இல்லை. மனைவி காதுக்கும் போனது. "அவன் மேல ஒரு கீறல் விழட்டும், நானும் பிள்ளைங்களும் உங்களுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

அன்று சாயங்காலம் ஒரு பழைய காரை முடித்துக் கொடுக்க வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் அந்த வண்டிக்கு. பின்பாதி துருப்பிடித்துச் சல்லடையாகிவிட்டதால், காயலான் கடையில் கிடந்த அதே ரக வண்டி ஒன்றின் பின்பாதியை வெட்டி எடுத்துவந்து டிங்கர் ஒட்டவைத்திருந்தான். ஒட்டு எங்கே என்று தடவிப் பார்த்தாலும் தெரியாது. வேலைக்காரன்தான், அதில் சந்தேகமில்லை.

ஆனால் பின்பக்க லைட்டுகளுக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. பிரேக்கை மிதித்தால் இடது பிரேக் லைட் எரியாது. இடது இண்டிகேட்டர் மினுக்கும். இண்டிகேட்டரைப் போட்டால் பார்க்கிங் லைட் விட்டுவிட்டு எரியும். எர்த் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பல்புக்குள் போன மின்சாரம் திரும்ப வழியில்லாமல் அடுத்த பல்புக்குள் நுழைகிறது.

"எர்த் போல்ட்டு மேல பெயிண்ட அப்பி வெச்சிருக்க. அப்படியே உன் மூஞ்சிக்கும் ஒரு கோட்டு அடிச்சுக்க வேண்டியதுதான?"

"வயரிங் தெரியலன்னா பெயிண்ட்டக் குத்தம் சொல்லு மாமா. நல்ல பொழப்பு."

அதோடு பேச்சு நின்றது.

லைட் பார்க்கிற வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்து "எரியுதா?" என்பான். இன்னொருவன் பின்னால் நின்று "எரியுது" அல்லது "எரியல" என்பான். ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்க வேண்டியதில்லை. பகையாளிகளுக்கு வசதியான வேலை.

மணி நாலேகால் இருக்கும். பகல் வெளிச்சத்தில் லைட் தெரியாது என்று ஷட்டரை இறக்கியிருந்தார்கள். ஜன்னல் இல்லாத ஷெட். வெளியே மழை. தகரக் கூரையில் சரளைக்கல் கொட்டுகிற மாதிரி சத்தம். வண்டியின் பின்பக்கம் உள்சுவரைப் பார்த்து நின்றது. பின்கண்ணாடியில் பெயிண்டுக்காக ஒட்டின செய்தித்தாளை இன்னும் உரிக்கவில்லை.

கரண்டு இடது பல்பைக் கழற்றித் துடைத்தான். முன்னால் ஃபியூஸ் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்று ஞாபகம் வர, டிங்கரைப் பின்னால் விட்டுவிட்டு, பல்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். ஃபியூஸைச் சுரண்டி மாட்டினான். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தான்.

"எரியுதா?"

"எரியுது."

"லெஃப்ட்டு?"

"எரியுது."

அப்பாடா என்றிருந்தது. இண்டிகேட்டரில் கை வைத்தான்.

"எரியுது."

அவன் இன்னும் போடவே இல்லை.

எரிச்சல் வந்தது. வேலையைச் சீக்கிரம் முடித்து ஓடப் பார்க்கிறான் பயல். ஆனாலும் ஒன்று உறுத்தியது. ஒரு வார்த்தை சொன்னால் அதில் ஒரு குத்தல் வைக்காமல் டிங்கருக்கு வாய் மூடாது. இந்தக் குரலில் எதுவும் இல்லை. மழைச் சத்தத்தையும் மீறி, கத்தாமலே, காதுக்குப் பக்கத்தில் கேட்டது...

ரிவர்ஸ் கியர் போட்டான்.

"ரிவர்ஸ் லைட்டு?"

"மங்கலா இருக்கு. ஸ்டார்ட் பண்ணு."

சரியான பேச்சுதான். இன்ஜின் ஓடினால் வெளிச்சம் ஏறும். கிளட்சை மிதித்துச் சாவியைத் திருகினான். இன்ஜின் உறுமியது.

"சுவத்துல விழுதான்னு பாக்கலாம். கொஞ்சம் பின்னால வா."

கிளட்சை மெல்ல விட்டான். வண்டி நகர்ந்தது.

"வா... வா..."

ஷெட்டுக்குள் சட்டென்று குளிர்.

"வா... வா... இன்னும் வா..."

பக்கக் கண்ணாடியில் பார்த்தான். யாரும் தெரியவில்லை. இடம் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்க்க உடம்பைத் திருப்பினான்.

நெஞ்சில் ஏதோ குத்தியது.

பையில் கை வைத்தான்.

பல்பு.

இடது பல்பு.

எரியுது என்றது... எதை?

பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தான். இன்ஜின் குலுங்கி நின்றது. மழை மட்டும்தான் சத்தம். இடது பக்கக் கண்ணாடியில் சுவர் தெரிந்தது.

சிவப்பாக.

பல்பு இல்லாத பக்கம் அது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றது குரல்.

கரண்டு கதவைத் திறந்து விழுந்தடித்து ஓடினான். பின்னால் யாரும் நிற்கவில்லை.

கீழே பார்த்தான்.

வண்டிக்கடியில் டிங்கர் மல்லாந்து கிடந்தான். கையில் உப்புத்தாள். எர்த் போல்ட்டில் பாதி பெயிண்டைச் சுரண்டியிருந்தான். பின்சக்கரம் அவன் தலைமுடி நுனியை மிதித்துக்கொண்டு நின்றது. கண் இரண்டும் திறந்திருந்தன. வெறித்துப் பார்த்தான்.

"வண்டிய ஏத்துறேன்னு சொன்ன... செஞ்சிட்ட இல்ல மாமா?"

"டேய், நீதானடா வா வான்னு கூப்ட்ட!"

"நான் வாயே தொறக்கல. நீதான் சொன்ன... வண்டி முன்னாலதான் போகும், அசையாம அங்கயே படுன்னு."

"எப்படா சொன்னேன்?"

"இப்பதான். இதோ... என் காதுகிட்ட."

இருவரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தார்கள். சிவப்பு போய்விட்டிருந்தது. டிங்கர் முடியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தான். ஷட்டரை இருவரும் சேர்ந்துதான் தூக்கினார்கள்.

வண்டியை அன்று கொடுக்கவில்லை. உரிமையாளர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார். திட்டை வாங்கிக்கொண்டார்கள். ஒட்டின பின்பாதியை டிங்கர் தன் கையாலேயே வெட்டி எடுத்தான். இரண்டு நாள் கழித்து இருவரும் அதை ஏற்றிக்கொண்டு காயலான் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் அதைப் பார்த்ததும் எதுவும் கேட்கவில்லை. ஓரமாகப் போடச் சொன்னார்.

"இது யார் வண்டிங்க?" என்றான் கரண்டு.

"அண்ணன் தம்பி ரெண்டு பேரு வெச்சிருந்தாங்க. தம்பி பின்னால நின்னு லைட்டு பாத்துக்கிட்டு இருந்தான். அண்ணன் ரிவர்ஸ் எடுத்துச் சுவத்தோட வெச்சு நசுக்கிட்டான். அப்ப ரெண்டு பேருக்கும் ஆறு மாசமா பேச்சுவார்த்தை கிடையாது. வேணும்னுதான் செஞ்சான்னு ஊரே சொல்லுச்சு. இன்னும் ஜெயில்லதான் இருக்கான்."

கடைக்காரர் பீடியைப் பற்ற வைத்தார்.

"ஒண்ணுதான் புரியல. இத்தன வருஷமா அவன் ஒரே பேச்சுதான் பேசுறானாம். 'அவன்தான் வா வான்னு கூப்ட்டான்'னு. செத்தவனுக்கு அன்னிக்குத் தொண்டை கட்டி, காத்துதான் வந்துச்சாம். செத்தவன் பொண்டாட்டியே சாட்சி சொல்லியிருக்கா."

அந்த அண்ணனை நம்புகிறவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். இருவரும் இன்னும் ஜெயில் பக்கம் போகவில்லை. போய் என்னவென்று சொல்வது?