நூறு யானை பலமும் ஒரு கட்டையும்

வீடியோ கேம் வீரன் பாறையைத் தூக்கினால் பார்ப்பவர்கள் விசிலடிப்பார்கள். எங்களுக்குத் தலைவலி ஆரம்பிக்கும். பாறை எத்தனை டன், தூக்கியவன் பலம் எவ்வளவு என்று படத்தைப் பார்த்தே சொல்வதுதான் என் பிழைப்பு. சென்னையில் யூடியூப் சேனல் நடத்தும் தினேஷ் படம் அனுப்புவார். நான் எங்கள் ஊர் வேங்கிக்காலில் வீட்டிலிருந்தபடியே கணக்குப் போட்டுக் கொடுப்பேன். சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டுச் சும்மா கிடந்தவளுக்குக் கிடைத்த முதல் வேலை. கண்மதிப்பில் காலம் தள்ளும் சக ஜீவன்களே, இந்த வேலையை நான் லேசில் விடுவதாக இல்லை.

ராட்சசன் உயரம்

தெரிந்த பொருள் ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் தெரியாததை அளக்க முடியும். ஒரு படத்தில் ராட்சசன் பக்கத்தில் ஆட்டோ நின்றது. உடனே டேப்பை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் ஸ்டாண்டுக்குப் போய், கேட்காமல் கொள்ளாமல் ஓர் ஆட்டோவை அளக்க ஆரம்பித்தேன். டீ கிளாசோடு ஓடி வந்த டிரைவரிடம் ராட்சசனைப் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அளந்துக்கோங்க மேடம். ஆனா அவரு ஏறினா ஷேர் ஆட்டோ கணக்கு வராது, தனி சவாரிதான்."

எல்லாம் கருங்கல்

மலையடிவாரத்தில் வளர்ந்தவளுக்குப் பாறை என்றால் கருங்கல்தான். ஒரு குட்டி இளவரசி தலைக்கு மேல் தூக்கிய சாம்பல் நிறப் பாறைக்கும் கருங்கல் எடையே போட்டேன். வீடியோ வெளியானது. அந்தக் கேமை விளையாடியவர்கள் கமெண்டில் சிரித்துத் தீர்த்தார்கள். அது பாறையே இல்லை, பஞ்சு மூட்டை! உடனே தினேஷ் போன் செய்தார்.

"இன்னொரு தடவை தப்பாச்சுன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும் மேடம்."

தேரை நிறுத்தியது யார்?

அடுத்து வந்தது, சரிவில் உருண்டு வரும் தேரை ஹீரோ ஒற்றைக் கையால் நிறுத்தும் படம். 'நூறு யானை பலம்' என்று தினேஷ் தலைப்பே வைத்துவிட்டார். நானும் சக்கரத்தை ஹீரோவின் உயரத்தோடு ஒப்பிட்டுத் தேரின் எடையைக் கண்டுபிடித்தேன். நூறு யானை வந்துவிடும் போலத்தான் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று படத்தைப் பெரிதாக்கினேன். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை! பக்கத்தில் குனிந்தபடி, அதைப் போட்ட ஆள். வருஷா வருஷம் தேரோட்டம் பார்க்கிற ஊர்க்காரிக்கு இது தெரியாதா? எத்தனை பேர் வடம் பிடித்தாலும், தேரை நிறுத்துவது கட்டை போடுகிறவர்தான். ஹீரோ சும்மா கை வைத்திருந்தான்.

"கட்டையை யாரு பாக்கப் போறாங்க? நூறு யானைன்னே போடுங்க" என்றார் தினேஷ்.

"நான் பாத்துட்டேனே சார். கட்டையோடதான் போடுவேன். வேற ஆளைப் பாக்குறதுன்னா பாத்துக்கோங்க."

சொல்லிவிட்டேனே தவிர, வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மனுஷன் பட்டென்று போனை வைத்தார். ஆனால் நான் அனுப்பியதையே வெளியிட்டார். மறுநாள் மறுபடி போன்.

"ஹீரோ ரசிகருங்க என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுட்டாங்க மேடம். பாக்கிப் பேரெல்லாம் அந்தக் கட்டை போட்ட ஆளோட பலம் எவ்வளவுன்னு கேக்குறாங்க. சீக்கிரம் போட்டு அனுப்புங்க."

ஊரில் உள்ளவர்கள் பலத்தையெல்லாம் அளந்து சொல்கிற எனக்கு, முதலாளியிடம் 'முடியாது' என்று சொல்ல எத்தனை யானை பலம் வேண்டும் என்ற கணக்கு மட்டும் இன்னும் பிடிபடவில்லை.