அக்காவின் துப்பாக்கிக்கு இரண்டு கால்

எங்கள் அப்பா திருவிழாக்களில் பலூன் சுடும் கடை போட்டுவந்தார். முதலில் அவரே ஏர்கன்னை எடுத்து நாலு பலூனை உடைத்துக் காட்டுவார். அப்புறம்தான் கூட்டம் சேரும். எண்பதுகளின் தொடக்கத்தில் அவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. கல்லங்குறிச்சித் தேர் நெருங்கிக்கொண்டிருந்தது.

"சுட்டுக் காட்ட ஆளில்லாம கடை எதுக்கு? துப்பாக்கிய வித்துடலாம்" என்றார்.

ஆள் வீட்டிலேயே இருந்தாள், என் அக்கா. அரியலூரில் எங்கள் கொல்லைச் சுவர்மேல் துப்பாக்கியைச் சாய்த்து அவள் சுட்டால் குறி தப்பாது. ஆனால் இளம்பிள்ளை வாதத்தில் அவளுடைய இடது கை சூம்பிப் போயிருந்தது. துப்பாக்கியை ஏந்த முடியாது. அந்தக் கையைக் காரணம் காட்டியே அப்பா அவளை எந்தத் திருவிழாவுக்கும் கூட்டிப்போனதில்லை. "பாக்கறவன்லாம் உச்சுக் கொட்டுவான். அவ வூட்லயே இருக்கட்டும்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"துப்பாக்கிக்கு ரெண்டு கால் வச்சா போச்சு. அக்கா சுடும்" என்றேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பெரம்பலூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் இரும்புக் கால் செய்து வாங்கினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும்! அதைக் குழலில் மாட்டியதும் துப்பாக்கி மூக்கு குப்புற விழுந்தது. அக்காவால் ஒற்றைக் கையால் திருப்பக்கூட முடியவில்லை. குண்டு போட ஒவ்வொரு தடவையும் குழலை மடக்க வேண்டும். அதற்கும் கால் இடித்தது. திருச்சியில் ஒரு துப்பாக்கிக் கடையில் வெளிநாட்டு மடக்குக் கால் இருந்தது, இறகு மாதிரி லேசு. விலையைக் கேட்டேன். கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கினேன்.

கடைசியில் தெருவில் கூடை முடைகிற ஓர் அம்மாவிடம் இரண்டு மூங்கில் துண்டு வாங்கி, பெருக்கல் குறிபோல வைத்து, சைக்கிள் ட்யூபைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். கடைப் பலகையில் வழுக்காமலிருக்க அடியிலும் ட்யூபைச் சுற்றினேன். துப்பாக்கியோடு கட்டவில்லை. துப்பாக்கியின் முன்கட்டை அந்தக் கவட்டில் வந்து சும்மா உட்கார்ந்தால் போதும். அக்கா கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "இதாண்டி" என்றாள். இன்றைக்கும் எனக்கு அதில் கர்வம்தான், மறைப்பானேன்?

தேரன்று அப்பாவின் முணுமுணுப்பைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அக்காவையும் கூட்டிப்போனேன். நான் குழலை மடக்கிக் குண்டு போட்டுக் கொடுக்க, அக்கா சுட்டாள். ஒரு வரிசைப் பலூன் காலி. கூட்டம் நெருக்கியது. பெல்பாட்டம் போட்ட ஒருவன், "அந்தக் குச்சிக்கு மாலை போடுங்கடா, அதுதான் சுடுது!" என்று கத்தினான்.

"வாங்கண்ணே! அதே துப்பாக்கி, அதே குச்சி. உட்காந்து சுடுங்க" என்றேன்.

சுட்டான். எங்கள் துப்பாக்கி இடப்பக்கம் கொஞ்சம் இழுக்கும். அதற்கு எவ்வளவு தள்ளிக் குறி வைக்கணும் என்பது அக்காவுக்குத்தான் தெரியும். ஒரு பலூன்கூட அசையவில்லை. கூட்டம் சிரித்த சிரிப்பில் ஆள் மாயமாகிவிட்டான். அக்கா மறுபடி உட்கார்ந்தாள். பலூன்கள் மறுபடி வெடித்தன.

அப்பா கடையோரம் நின்றிருந்தார். அவருக்குப் பலூன் தெரியாது, வெடிக்கிற சத்தம் மட்டும்தான். கூட்டத்தில் ஒரு பெரியவர், "யாரு வூட்டுப் பொண்ணுங்க இது?" என்று கேட்டார்.

"எம் பொண்ணுங்க! என் மூத்த பொண்ணு!" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அப்பாதான் பொழுது சாயும்வரை, வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார்.