அண்ணையின் மூன்றாவது ஹெல்மெட்

காலை ஆறரைக்கு வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு பஸ் புறப்பட்டது. எனக்கு யன்னலோரம் கிடைக்கவில்லை. என் இடது கால் முழங்காலுக்குக் கீழே வளைந்திருப்பதால் அதை நடைபாதையில் நீட்டிக்கொண்டேன். ஏறுகிறவர்கள் எல்லோரும் அதைக் கடந்துதான் போனார்கள், பார்த்துவிட்டும் போனார்கள்.

பக்கத்து இருக்கையில் வறுத்த கச்சான் கடலைப் பையோடு ஒரு பெண். ஓமந்தை வரும்வரை பொறுத்திருந்தார்.

"கால் என்னக்கா, ஷெல்லோ?"

போர் கண்ட வன்னியில் நொண்டி நடப்பவரிடம் கேட்கும் முதற்கேள்வி அதுதான். "இல்லை, எலும்பு வருத்தம். குடும்பத்திலை ஓடுது போலை கிடக்கு. அண்ணைக்கும் இருக்கோ எண்டு பாக்கத்தான் போறன்" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "உதை ஏன் வெளியிலை சொல்லுறியள்? கலியாணம் கட்டிக்குடுக்கக் குமர்ப்பிள்ளையள் இருக்கிற குடும்பமெண்டால் கரைச்சலல்லோ. ஷெல் எண்டே சொல்லுங்கோ."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கோ கோபம் வந்தது. ஷெல் பட்ட காலுக்கு மரியாதை, தானாக வளைந்த காலுக்கு மறைப்பு. இது என்ன நியாயம்?

வவுனியாவிலிருந்து சுமார் இருபத்தைந்து கிலோமீற்றர் ஓடி, புளியங்குளத்தில் ஏ-9 வீதியை விட்டு வலப்பக்கம் திரும்பினோம். நெடுங்கேணிக் காட்டுக்குள் பஸ் குலுங்கியது. போன வருடமாக இருந்தால் அந்தக் குலுக்கலுக்கு நான் அழுதிருப்பேன். எனக்கு வந்திருப்பது பேஜெற் எலும்பு நோய். எலும்பு தன்னைத்தானே இடித்து அவசரமாகத் திருப்பிக் கட்டுகிறது. அவசரத்தில் எழுப்பிய மதில் மாதிரி, தடிப்பு இருக்கும், பலம் இராது. வெள்ளைக்காரர் நாடுகளில்தான் அதிகமாம், நம் பக்கம் அபூர்வமாம். அபூர்வமா, அல்லது எவரும் தேடவில்லையா என்று வவுனியா டொக்டருக்கே சந்தேகம். எனக்கு ஒரே ஒரு தடவை சேலைனோடு மருந்து ஏற்றினார். வளைந்தது நிமிரவில்லை, நோவு போய்விட்டது.

சில குடும்பங்களில் இது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் என்று சொல்லி, "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது காது மந்தமா? தொப்பி இறுக்கமாகிறதா?" என்று கேட்டார். தொப்பி போடுகிற துரைமார் எங்கள் குடும்பத்தில் இல்லை என்று சிரித்தேன். ஆனால் அண்ணைக்குக் காது மந்தம். காலும் வளைந்திருந்தது. தொலைபேசியில் அவருக்கு எதுவும் கேட்பதில்லை, அதனால்தான் நேரில் போகிறேன்.

முள்ளியவளையில் வயல் பச்சையாய் விரிந்து கிடந்தது. கச்சான்காரி இறங்கும்போது ஒரு கை கச்சானை அள்ளி என் மடியில் போட்டுவிட்டுப் போனார். கோபமும் அவரோடு இறங்கிவிட்டது.

முல்லைத்தீவு நகரிலிருந்து ஓட்டோவுக்கு ஆயிரம் ரூபாய். வட்டுவாகல் பாலத்தைத் தாண்டி, பத்தரைக்கு முள்ளிவாய்க்காலில் அண்ணை வீட்டு வாசலில் இறங்கினேன். அண்ணை அந்தோனி நந்திக்கடலில் வலை வீசுகிறவர். கடைசிப் போரில் அவர் காலில் ஷெல் துண்டு ஏறியது. கால் வளைந்தது அந்தத் துண்டால், காது போனது அந்தச் சத்தத்தால் என்பது குடும்பத்தில் முடிந்துபோன கதை.

விறாந்தையில் ஒரே ஆணியில் இரண்டு ஹெல்மெட்டுகள் தொங்கின. மூன்றாவது மோட்டார் சைக்கிளில் இருந்தது.

"எதுக்கண்ணை மூண்டு?" என்று கத்தினேன்.

"அது ரெண்டும் வெயிலுக்குச் சுருங்கிப்போச்சு பிள்ளை. கடைக்காரன் கூடாத சாமானைத் தந்து பேய்க்காட்டிப்போட்டான்."

விளையாட்டாக ஒன்றை எடுத்து அண்ணையின் மனைவி, என் மச்சாள், தலையில் வைத்தேன். அது கண்வரை இறங்கியது. அவர் சிரித்தார். டொக்டர் கேட்ட தொப்பி நினைவுக்கு வந்தது, என் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஹெல்மெட் சுருங்கேல்லை அண்ணை. உங்கட தலைதான் பெருத்திருக்கு."

"எனக்குத் தலைக்கனம் எண்டுறியோ?"

நான் என் வருத்தத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவர் கையை வீசினார். "என்ரை கால் ஷெல்லாலை. காதும் ஷெல்லாலை."

"சரி. ஹெல்மெட்டுக்கு எப்ப ஷெல் பட்டது?"

அண்ணை, கையில் அகப்பையோடு குசினி வாசலில் நின்ற மகள் ஜெனிற்றாவைப் பார்த்தார். "இவளுக்குக் கலியாணம் முற்றாகியிருக்கு. குடும்ப வருத்தமெண்டு தெரிஞ்சால் மாப்பிள்ளை வீட்டுக்காரர் விட்டிட்டுப் போயிடுவினம்" என்றார்.

ஜெனிற்றா வந்து அவர் காதருகே குனிந்து கத்தினாள். "அப்பா, உங்களுக்குக் கேக்கச் சொன்னால் ஊருக்கே கேக்கும். இதை எப்பிடி மறைக்கிறது? அவையளுக்கு நானே சொல்லுறன். கோயிலிலை பாதர் கேக்க நான் 'சம்மதம்' எண்டு சொல்லேக்கை உங்களுக்குக் கேக்கவேணும். அதுக்கு முதல் டொக்டரிட்டைப் போய்க் காட்டுங்கோ."

அண்ணை எழுந்து மூன்றாவது ஹெல்மெட்டைத் தலையில் மாட்டி, ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்தார். அதுவும் இறுகத் தொடங்கியிருந்தது.

மறுநாள் என்னோடு வவுனியாவுக்கு வந்தார். எக்ஸ்ரேயில் ஷெல் துண்டு தெரிந்தது, எலும்பிலிருந்து விலகி, சதைக்குள் சும்மா கிடந்தது. இத்தனை காலம் செய்யாத குற்றத்தைச் சுமந்த துண்டு. காலிலும் மண்டையோட்டிலும் என்னுடைய அதே வருத்தம். இழந்த கேட்கும் சக்தி திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டொக்டர். ஜெனிற்றாவுக்கு வரலாம், வராமலும் போகலாம், வயது போகப்போக இரத்தம் சோதித்துப் பார்த்தால் போதும். இரத்தச் சோதனைகள் முடிந்து சேலைன் ஏறும்வரை அண்ணை என் வீட்டில் தங்கினார். அதற்குள் ஜெனிற்றா தொலைபேசி எடுத்தாள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு நாள் யோசித்துவிட்டு, கேள்வி ஒன்றே ஒன்று கேட்டார்களாம். "மருந்து இருக்கோ?" இருக்கென்றதும் கலியாணத்துக்குச் சம்மதமாம்.

மருந்து ஏறி முடிந்தபின், பிற்பகல் இரண்டரை முல்லைத்தீவு பஸ்ஸில் அண்ணையை ஏற்றிவிட்டு யன்னலுக்குக் கீழே நின்றேன். என் வீட்டுக்கு நடந்து போகலாம், அவருக்கு இனித்தான் தூரம். பக்கத்தில் அமர்ந்த மனிதர் அண்ணையின் காலைப் பார்த்தார்.

"என்னய்யா, ஷெல்லோ?"

எத்தனையோ வருடமாக "ஓம்" என்றே சொல்லிப் பழகியவர். காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது.

"இல்லை," என்றார், பஸ் முழுக்கக் கேட்க. "எங்கட குடும்ப வருத்தம். மருந்து இருக்கு."

கடைசி இருக்கையிலிருந்து ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவருடைய காலும் வளைந்திருந்தது. "எந்த டொக்டரய்யா?" என்று கேட்டார்.

அண்ணைக்கு அது கேட்கவில்லை. பஸ் நகரத் தொடங்கியது. நான் கூடவே நொண்டி ஓடி, யன்னல் கம்பியில் தட்டி, பின்பக்கத்தைக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார்.