ஷூ கட்டிய பலாமரம்

செய்யூரில் எங்கள் பெயருக்கு வாங்கிய முதல் மனையில் அம்மா வைத்த முதல் மரம் பலா. அதை வெட்டியே தீருவேன் என்று நின்றவன் நான். சிறுசேரியில் வேலை, புதுக் கார், அதற்கு ஷெட் போட இடம் வேண்டும். ஒன்பது வருஷமாக ஒரு காய்கூடக் காய்க்காத மரம் எதற்கு?

அம்மா முன்பு தோப்பில் கூலி வேலை செய்தாள். பழம் அறுக்கிற நாளில் சுளையெல்லாம் தோப்புக்காரர் வீட்டுக்குள் போகும், அம்மாவுக்குக் கொட்டை. அதை அவித்துத் தின்றுதான் வளர்ந்தேன். கடைசியாகக் கிடைத்த கொட்டைகளில் ஒன்றைத்தான் இங்கே ஊன்றியிருந்தாள்.

"வைகாசி வரைக்கும் பொறுடா. அப்பால இன்னா வேணா பண்ணிக்கோ" என்று ஐப்பசியில் கெஞ்சினாள். மறுநாள் பார்த்தால் மரத்தில் துடைப்பமும் என் ஆபீஸ் ஷூவும் தொங்குகின்றன. காய்க்காத மரத்தை அவமானப்படுத்தினால் ரோஷம் வந்து காய்க்குமாம்.

"அந்த ஷூ இன்னும் நல்லாத்தானம்மா கீது!" என்று கத்தினேன்.

"பிஞ்ச செருப்புக்கெல்லாம் இதுக்கு ரோசம் வராதுடா" என்றாள். அடக் கடவுளே!

வைகாசியும் வந்தது. அண்ணாந்து பார்த்தேன், ஒரு காய் இல்லை. மரம் அறுக்கிறவரை வரச் சொன்னேன். அம்மா மரத்தடிக்குப் போனாள். ஷூவை அவிழ்த்துத் துடைத்து என் முன்னால் வைத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது, வீம்பு மட்டும் விடவில்லை.

காய்க்காத மரம்தானே என்று ஷெட்டுக்கு வாங்கிய சவுக்குக் கட்டைகளை ஐப்பசியிலேயே அடிமரத்தைச் சுற்றி அடுக்கி வைத்திருந்தேன். வந்தவர் அவற்றை எடுத்து ஓரமாகப் போட்டார். பாதியில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"அண்ணாத்த, வாசன வருது பாரு."

கட்டைகளுக்குப் பின்னால், மண்ணை ஒட்டி, ஒரு ஆளால் தூக்க முடியாத பழம். அம்மா ஓடி வந்து அதைத் தட்டிப் பார்த்தாள். "என் மரத்த இன்னான்னு நெனச்ச நீ?" என்று சிரித்தாள், அழுதாள்.

கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அவளே அறுத்தாள். தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் கொடுத்துவிட்டு, தோப்புக்காரர் வீட்டுக்குக் காரை எடுக்கச் சொன்னாள். தோப்பை அவர்கள் முன்பே மனை போட்டு விற்றுவிட்டார்கள். அம்மா நீட்டிய தூக்குச் சட்டியை அந்த வீட்டம்மா திறந்து பார்த்தார்.

"கொட்டைய எடுத்து வச்சிக்கினு சுளைய மட்டும் எடுத்தாந்திருக்கலாமே. ஒனக்கு ஆவுமே."

"இல்லம்மா. எங்க வூட்ல கொட்டையோடதான் குடுப்போம்."

பெருமையோடு அம்மாவுக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டேன். கார் இன்றைக்கும் வெயிலில்தான் நிற்கிறது.